நார்வே வேண்டாம், இலுப்பூர் தாண்டினால் போதும்

எங்கள் ஆபீஸில் கொஞ்ச காலமாக ஒரு காய்ச்சல் பரவியிருக்கிறது. டெங்கு இல்லை. துருவ ஒளி!

முன்பெல்லாம் ஒருத்தன் சேர்ந்தாற்போல் லீவ் கேட்டால் திருப்பதி, கொடைக்கானல், மச்சினன் கல்யாணம் என்று மூன்றில் ஒன்றாக இருக்கும். இப்போது இருபத்தெட்டு வயசுப் பையன் சர்வ சாதாரணமாக, "ட்ரோம்சோ போறேன் ஸார், அரோரா ஃபோட்டோ எடுக்கணும்" என்கிறான். ட்ரோம்சோ எங்கே என்று மேப்பில் தேடினேன். நார்வேயின் உச்சந்தலையில், கிட்டத்தட்ட 70 டிகிரி வடக்கே. குளிர்காலத்தில் ஒன்றரை மாசத்துக்கும் மேல் அங்கே சூரியன் தலையே காட்டாதாம். (எங்கள் ஆபீஸிலும் சில ஸீட்டுகள் அப்படி உண்டு.)

காய்ச்சலுக்குக் காரணம் சூரியன்தான். பதினொரு வருஷத்துக்கு ஒருமுறை அதற்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடிக்கும். 2024-இல் அப்படிப் பிடித்தது. அந்த வருஷம் மே 10, 11 தேதிகளில் அடித்த காந்தப் புயல் 2003-க்குப் பிறகு வந்ததிலேயே பெரியது. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் நம்முடைய வானியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கே வானத்தைக் காவல் காக்கும் காமிராக்களில் வடக்குப் பக்கம் சிவப்பாக ஒரு ஒளி விழுந்தது. நார்வேயில் பச்சையாகத் தெரிவது ஹான்லேயில் ஏன் சிவப்பு என்று கேட்பீர்கள். துருவ ஒளியின் பச்சை, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் நடக்கிற சமாசாரம். சிவப்பு அதற்கும் மேலே, இருநூறு முந்நூறு கிலோமீட்டரில். தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கிற நமக்குத் திரையின் மேல் ஓரம் மட்டும்தான் தெரியும். பெஞ்சு டிக்கெட்!

1872 பிப்ரவரி 4-ஆம் தேதி பம்பாய் வரைக்கும்கூட இந்த ஒளி தெரிந்ததாகப் பதிவு இருக்கிறது. அதற்காக நீங்கள் புதுக்கோட்டையில் மொட்டை மாடியில் பாயை விரித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். கொசு கடிக்கும்.

நிற்க. எனக்குப் பக்கத்து ஸீட்டில் ஒருவன். பெயர் வேண்டாம், 'நம்மாள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோம்சோவுக்காக இரண்டு வருஷம் காசு சேர்த்தான். மத்தியானம் காண்டீனில் சாப்பிடமாட்டான், தயிர்சாதம், மாவடு. பஸ்ஸில் வருவான். ஒரு புது பைக் விலைக்குப் பெரிய லென்ஸ் ஒன்று தவணையில் வாங்கி, கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றி வைத்திருந்தான். விசாவுக்கு எழுதிப் போடுகிற சமயத்தில் அவனுடைய அப்பாவுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சு வலி. மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ்.

அப்பா நன்றாகிவிட்டார். பாங்க் பாஸ்புக் படுத்துவிட்டது.

"நார்வே என்னய்யா ஆச்சு?" என்று கேட்டேன்.

"எங்கப்பா நெஞ்சுக்குள்ள இருக்கு ஸார்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அப்புறம் டிராயரைத் திறந்து எதையோ ரொம்ப நேரம் தேடினான்.

நார்வே மட்டும் போதவில்லை. மருந்து, மறுபடி டெஸ்ட், கைமாற்று வாங்கிய பாக்கி. லென்ஸையும் விற்றுவிடுவதென்று முடிவு செய்து விளம்பரம் போட்டான். மதுரையிலிருந்து ஒரு பையன், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரொக்கத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டான். இது நடந்தது 2025 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம்.

"ஸார், வெள்ளிக்கிழமை லீவ் முன்னாடியே சாங்ஷன் ஆனது. வீணாக்கக் கூடாது. கடைசியா ஒரு தடவை இந்த லென்ஸோட வடக்கே எங்கயாவது போயிட்டு வந்துடலாம்."

"வடக்கே எங்கே? சமயபுரமா?"

திருச்சியிலிருந்து என்னுடைய வண்டியில், என்னுடைய பெட்ரோலில், அதிகபட்ச வடக்கு எனக்கு அதுதான். கடைசியில் தெற்கே போவதென்று தீர்மானமாயிற்று. குடுமியான்மலையில் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை இருக்கிறதாக யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தலையில் கொம்பு மாதிரி இறகு, ஆரஞ்சுப் பழக் கண், இரண்டடி உயரம். ஃபோட்டோக்காரர்கள் மத்தியில் அதற்கு ஒரு சினிமா நட்சத்திரத்தின் அந்தஸ்து.

விராலிமலையில் மயில்கள். அந்த ஊரில் நாய்க்குப் பதில் மயில் என்று சொல்லலாம். ஓட்டு மேலே, காம்பவுண்டு சுவர் மேலே, ஒன்று டீக்கடைப் பக்கத்தில் வடைக்காக நின்றது. நம்மாள் காமிராவை எடுக்கவே இல்லை. "இது வேணாம் ஸார், எல்லாரும் எடுத்தாச்சு" என்றான். மனுஷனுக்கு எது சுலபமாகக் கிடைக்கிறதோ அது படத்துக்கு ஆகாது! இலுப்பூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் ஆரம்பித்தன. சில குன்றுகள் முழுசாக இருந்தன. சிலவற்றில் பாதியைக் காணோம், ஜல்லியாகப் போய்விட்டன. நாங்கள் போன ரோடே அப்படி ஏதாவது ஒரு குன்றாக இருக்கலாம்.

குடுமியான்மலை, புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர். பழைய பெயர் திருநலக்குன்றம். வேளாண்மைக்காரர்களுக்கு அண்ணா பண்ணை இருக்கிற ஊர் என்று சொன்னால் தெரியும். சுவாமி சிகாநாதர், அம்பாள் அகிலாண்டேசுவரி. சிகை என்றால் குடுமி. அர்ச்சகர் ஒருத்தர் சுவாமிக்கு வைத்திருந்த பூவை எடுத்துத் தன் காதலியின் தலையில் வைத்துவிட்டாராம். திடீரென்று ராஜா வந்துவிட, அதையே எடுத்துப் பிரசாதமாகக் கொடுக்க, பூவில் நீளமாக ஒரு தலைமுடி! "சுவாமிக்குக் குடுமி உண்டு மகாராஜா" என்று ஒரே போடாகப் போட்டார். ராஜா சோதிக்க, பக்தனைக் காப்பாற்றச் சுவாமி நிஜமாகவே குடுமி வைத்துக்கொண்டார் என்பது கதை. லிங்கத்தின் உச்சியில் இன்றும் குடுமி மாதிரி ஒரு புடைப்பு உண்டு. மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்ட சிப்பந்தியைக் கடவுளே இறங்கி வந்து காப்பாற்றிய ஊர். ஆபீஸ் போகிறவர்கள் அவசியம் தரிசிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலைக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்தோம். ஆந்தை வரவில்லை. சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, புதுக்கோட்டை லாட்ஜில் வாட்ச்மேனை எழுப்பி வசவு வாங்கிக்கொண்டு, மறுபடி வந்தோம். வரவில்லை. ஆனால் பாறைக்குக் கீழே அது துப்பிய உருண்டைகள் கிடந்தன. ஆந்தை எலியை முழுசாக முழுங்கிவிடும். எலும்பையும் ரோமத்தையும் பந்து பிடித்தாற்போல் உருட்டி வாய் வழியே வெளியே தள்ளிவிடும். ஒரு உருண்டையை நம்மாள் குச்சியால் பிரித்தான். உள்ளே சின்னதாக எலி மண்டை ஓடு, பல்லோடு. மூன்று உருண்டையில் நான்கு மண்டை. ஒரு ஆந்தை எத்தனை மூட்டை நெல்லைக் காப்பாற்றும் என்று அண்ணா பண்ணையில் கணக்குப் போட்டால் அதற்கு டி.ஏ.வோடு சம்பளம் கொடுக்கலாம்.

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் எங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பு, என்னத்தத் தேடுறீக?"

"ஆந்தைங்கய்யா. பெரிசா, கொம்பு வச்சு..."

"கோட்டானா? அது அந்தப் பக்கமுல்ல இருக்கும்! நீங்க இந்தப் பக்கம் உக்காந்திருக்கீக."

அந்தப் பக்கம் போனோம். ஒரு மணி நேரம் கழித்து அதே பெரியவர் ஆடுகளோடு அங்கே வந்தார். "இங்கயா உக்காந்திருக்கீக? ஆள் சத்தம் கேட்டா அந்தப் பக்கம் போயிருமே!" என்றார். நம்மாள் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. திங்கட்கிழமை பத்து மணி வேறு நெருங்கிக்கொண்டே இருந்தது.

வெயில் ஏறிவிட்டதால் கோயிலுக்குள் போனோம். நாயக்கர் பாணி மண்டபத் தூண்களில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், அன்னத்தின் மேல் ரதி, கரும்பு வில்லோடு மன்மதன். ஒவ்வொருவரும் ஆள் உயரத்துக்கு மேலே. நகத்தில் கண்ணைக் கட்டி வேலை செய்திருக்கிறான் சிற்பி. மலையில் உச்சிக்குப் பக்கத்தில் வெட்டவெளிப் பாறையில் அறுபத்துமூன்று நாயன்மார்களும் வரிசையாக, நடுவில் ரிஷபத்தில் சுவாமியும் அம்பாளும். நம்மாளின் பெரிய லென்ஸுக்கு அன்று கிடைத்த ஒரே வேலை அதுதான். கீழேயிருந்தே ஒவ்வொரு நாயன்மாராகப் பிடித்தான். "யாரும் பறந்து போகமாட்டாங்க ஸார், நிம்மதியா இருக்கு" என்றான்.

கோயிலுக்குள்ளேயே மலையைக் குடைந்து செய்த பழைய சன்னதி ஒன்று உண்டு. மேலைக்கோயில் என்பார்கள். அதை ஒட்டிய பாறையில் ஏதோ கிறுக்கல் மாதிரி இருந்தது. பார்த்தால் பல்லவ கிரந்த எழுத்து. சுமார் 13 அடிக்கு 14 அடி. ஒரு பாறை முழுக்க ஸ்வரம்!

இசைக் கல்வெட்டு பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். நேரில் நின்றால் வேறு மாதிரி இருக்கிறது. 7, 8-ஆம் நூற்றாண்டு எழுத்து. 1904-இல்தான் கல்வெட்டுத் துறையினர் கண்ணில் பட்டது. பிறகு பண்டார்க்கர் என்கிற அறிஞர் படித்து வெளியிட்டார். ஏழு பிரிவு. மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் நாலு நாலு ஸ்வரமாகக் கட்டம் கட்டின மாதிரி போகிறது. அதிலும் ஒரு வேடிக்கை. நாம் ச-ரி-க-ம என்று முடித்துவிடுகிறோம். இவர் ர, ரி, ரு, ரெ என்று ஒரே ஸ்வரத்தை நாலு உயிரெழுத்தில் எழுதியிருக்கிறார். அது எதற்காக, வீணையில் எப்படி வாசிப்பது என்று பெரிய பெரிய வித்வான்களெல்லாம் இன்னமும் வாதாடுகிறார்கள். பக்கத்தில் 'பரிவாதினி' என்று ஒரு வீணையின் பெயரும் வெட்டியிருக்கிறது.

செய்தது யார்? சிவபக்தனான ஒரு ராஜா, ருத்ராசார்யரின் சீடன், மாணாக்கர்கள் நலனுக்காகச் செய்தது என்று இருக்கிறது. அவ்வளவுதான். பெயர் இல்லை! மகேந்திரவர்ம பல்லவன் என்று ரொம்ப நாள் சொன்னார்கள். இது பாண்டியன் பக்கத்துச் சீமை, எப்படி ஆகும் என்று மறுப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டை முக்கியமாகப் படவில்லை. ஒரு மண்டபத்துக்கு வெள்ளையடித்தாலே 'உபயம்' என்று ஃபோன் நம்பரோடு எழுதுகிற நாடு இது. பதின்மூன்று அடிக்கு ஸ்வரம் வெட்டிவிட்டு ஒரு ராஜா தன் பெயரைப் போடாமல் போயிருக்கிறார். குருவின் பெயரைப் போட்டிருக்கிறார்.

படம் எடுக்கலாம் என்றால் எழுத்து தெரியவில்லை. ஆயிரத்துச் சொச்சம் வருஷத்தில் தேய்ந்திருக்கிறது. நேர் வெளிச்சத்தில் பாறையும் எழுத்தும் ஒரே சாம்பல். பெரிய லென்ஸோ பத்தடி தூரத்தில் உபயோகமில்லை, ஒரு எழுத்துதான் விழும். நம்மாள் அதைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு, காமிராவோடு இனாமாக வந்த குட்டி லென்ஸை மாட்டினான். அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்த காவல்காரர் எழுந்து வந்தார். ஃப்ளாஷ் போடக்கூடாதென்று திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நேரா எடுத்தா வராது தம்பி. கொஞ்சம் இருங்க."

தன் டிபன் பாக்ஸின் எவர்சில்வர் மூடியை வேஷ்டியில் துடைத்தார். வெளியே வெயில் விழுகிற இடத்தில் நின்று மூடியைச் சாய்த்தார். வெளிச்சம் ஒரு பட்டையாகப் பாறையின் பக்கவாட்டில் போய் விழுந்தது. அவ்வளவுதான்! எழுத்தெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல். வரி வரியாக மூடியை நகர்த்த, வரி வரியாக ச-க-நி-த என்று மேலே வந்தது. மூடியில் கொஞ்சம் ரசம் ஒட்டியிருந்தது என்று நினைக்கிறேன். வெளிச்சத்தில் ஒரு ஓரம் மஞ்சளடித்தது.

"உங்களுக்கு இது யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லல. சாப்பிடறப்போ ஒருநாள் தானா விழுந்துச்சு."

நாற்பது படம் எடுத்தோம். அவர் சாதம் ஆறிப்போயிற்று. பணம் கொடுத்ததற்கு வாங்க மறுத்துவிட்டு, படத்தை மட்டும் செல்லில் அனுப்பச் சொன்னார். தினம் பார்க்கிற பாறைதான், ஆனாலும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆந்தைக்குக் கடைசி முயற்சி. பெரியவர் அன்றைக்கு ஆடு ஓட்டிக்கொண்டு வரவில்லை. ஆந்தையும் வரவில்லை. ஏழரை மணிக்கு நம்மாள் ஒரு வார்த்தையும் பேசாமல் மூட்டை கட்டினான். திரும்புகிற வழியில் ஊருக்கு வெளியே ஒரு கண்மாய். நான் வண்டியை நிறுத்தியது இயற்கை ரசனையால் அல்ல, இயற்கையின் அழைப்பால். திரும்பி வந்து பார்த்தால் நம்மாளைக் காணோம்.

கண்மாய் ஓரம் சேற்றில் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

தலையில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு அம்மா பதறிப்போய், "ஆத்தாடி! மயக்கம் போட்டு விழுந்துட்டாகளா?" என்றார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவன் முன்னால் பதினைந்தடியில் ஒரு குருவி. குருவி என்றால் அப்படி ஒன்றும் அழகில்லை. பழுப்பு முதுகு, அதில் வெள்ளைப் பொட்டுகள், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், மஞ்சளாக நீட்டுக் கால். நொடிக்கொரு தரம் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிச் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

"உள்ளானுக்கா இம்புட்டு?" என்றார் அந்த அம்மா. "குளத்துல தண்ணி வத்துறப்ப கிடக்கும்ல."

அந்த அம்மா சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்புகிற புதுக்கோட்டைக் கண்மாய்கள் தை மாசத்தில் ஓரமாக வற்ற ஆரம்பிக்கும். விளிம்பில் சேறு, சேற்றில் புழு. உள்ளானுக்கு அது கல்யாண பந்தி. இந்தப் பொறி உள்ளான் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது ஸ்காண்டிநேவியாவில் ஆரம்பித்து சைபீரியாவின் மறுகோடி வரைக்கும், வடகோடிச் சதுப்புக் காடுகளில். எடை அறுபது எழுபது கிராம். ஒரு கோழி முட்டையைவிடக் கொஞ்சம் கூட. அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து இங்கே வந்து பின்பக்கத்தை ஆட்டுகிறது. கதையில்லை. நமக்குப் பக்கத்திலேயே கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல வருஷங்களாகப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள். அப்படி விட்டதில் சில சைபீரியாவில் அகப்பட்டிருக்கின்றன.

நம்மாள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. சட்டை, பேன்ட், தாடி எல்லாம் சேறு. பறவை பழகிப்போய் இன்னும் கிட்டே வந்தது. ஒரு தடவை லென்ஸையே குனிந்து பார்த்தது. சூரியன் பக்கவாட்டில் வந்து தண்ணீர் பூராவும் செம்பாக மாறியது, அந்த ஒற்றைக் காலின் நிழல் வரைக்கும். காமிரா சத்தம் மட்டும் க்ளிக் க்ளிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். காமிராவைக் கீழே வைத்துவிட்டு, கையில் முகவாயைத் தாங்கிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டியில் ஏறியதும், "ஸார், நார்வேக்காரன் நம்ம ஊருக்கு வந்திருக்கான்!" என்றான்.

"நார்வே உள்ளான் பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்குப் போகும். நமக்கு வர்றது சைபீரியாப் பக்கத்துக்காரனா இருக்கும்" என்றேன்.

"ஸார், கொஞ்ச நேரம் நார்வேயாவே இருக்கட்டும் ஸார்."

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஸீட்டெல்லாம் அவன் சேறு. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி அவன் வீட்டில் அப்பாவிடம் படத்தைக் காட்டினோம். நெஞ்சில் தையலோடு சாய்வு நாற்காலியில் இருந்தவர், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "உள்ளான்! சின்ன வயசுல கண்ணி வச்சுப் பிடிச்சு வித்துக்கிட்டிருப்பாங்க. நாங்க எல்லாரும் தின்னுருக்கோம்" என்றார். அது எங்கேயிருந்து வருகிறது என்று மகன் சொன்னதும் சட்டென்று மௌனமாகிவிட்டார். கொஞ்சம் கழித்து, "அவ்வளவு தூரமா? தெரியாமப் போச்சேடா" என்றார். அப்புறம், "இது எத்தனை மணிக்கு எடுத்தது? சேத்துல படுத்தியாமே, சளி பிடிக்கப் போகுது" என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மதுரைப் பையன் சொன்னபடி வந்தான். லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விளிம்பில் ஒரு இடத்தில் காய்ந்த சேறு இருந்ததைச் சுட்டிக்காட்டி ஐந்நூறு ரூபாய் குறைத்தான். நம்மாள் பேரம் பேசவில்லை. துண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான்.

புதன்கிழமை மத்தியானம், தயிர்சாத நேரத்தில், நம்மாளுக்கு ஃபோன். அந்தப் பையன்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, குடுமியான்மலையில கொம்பன் ஆந்தை இருக்குன்னீங்களே, எந்தப் பக்கம்ணே?"

நம்மாள் மாவடுவைக் கடித்தபடி ஒரு நிமிஷம் யோசித்தான்.

"நீங்க எந்தப் பக்கம் உக்காந்தாலும் அதுக்கு அந்தப் பக்கம் தம்பி. ஒரு பெரியவர் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருப்பார், அவரைக் கேளுங்க. அப்புறம் ஒண்ணு, வரும்போது டிபன் பாக்ஸ் எடுத்துட்டு வாங்க. எவர்சில்வர் மூடி போட்டது."